மூன்று சுழி ‘ண’ வெட்ட எந்த வாள்?

வாசகர் கேள்விகள்: மரவேலை

கேள்வி: நான் பணியிலிருந்து ஓய்வுபெற்று வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் வசிக்கிறேன். உறவினர்களின் வீடுகளுக்குத் தமிழ் எழுத்தில் மரப் பெயர்ப்பலகைகள் செய்து கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. குறைந்த விலையில் ஒரு ஸ்க்ரோல் சோ (மெல்லிய அலகு மேலும் கீழும் அசைந்து நுணுக்கமான வளைவுகளை வெட்டும் மின்வாள்) வாங்குவதானால் எதைக் கவனிக்க வேண்டும்? 16 அங்குல அளவு போதுமா? ரொறன்ரோவிலுள்ள மகன் அங்கிருந்தே ஒன்றை அனுப்புவதாகச் சொல்கிறார். அதை ஏற்கலாமா?
– வெள்ளவத்தை வாசகர் ஒருவர்

பதில்: நீங்கள் வெட்டப்போவது தமிழ் எழுத்து. ஆகவே மோட்டாரின் வலுவையும் அங்குலக் கணக்கையும் பார்ப்பதற்கு முன்னர், அந்த வாள் எந்த வகை அலகைப் பிடிக்கும், கடைக்காரர் மொழியில் சொன்னால் எந்த பிளேட் அதற்குப் பொருந்தும், என்பதைக் கேளுங்கள்.

இந்த வாள்களுக்கான அலகுகள் ஏறத்தாழ 5 அங்குல நீளமானவை. ஒரு வகையில் இரு முனைகளிலும் குறுக்கே சிறிய ஊசி பொருத்தப்பட்டிருக்கும். மற்ற வகையில் முனைகள் வெறுமையாக இருக்கும், அவற்றைத் திருகாணியால் இறுக்க வேண்டும். ஊசி அலகை மாட்டுவது எளிது. ஆனால் எழுத்தின் உட்புறத்தை வெட்டுவதற்கு முதலில் ஒரு துளையிட்டு அதனூடாக அலகை நுழைக்க வேண்டும் அல்லவா? ஊசி அலகு புகுவதற்குச் சுமார் 5 மில்லிமீற்றர் துளை தேவைப்படும். வெறுமுனை அலகுகளின் அளவை இலக்கத்தால் குறிப்பார்கள்; அவற்றில் 5ஆம் இலக்கத்தின் அகலமோ ஒரு மில்லிமீற்றர் அளவுதான், அதற்கு 1.5 மில்லிமீற்றர் துளை போதும். ‘வாணி இல்லம்’ என்று இரண்டு அங்குல உயரத்தில் எழுதிப் பாருங்கள். ‘ண’வின் தொடக்கச் சுழிக்குள் ஒரு மிளகு வைக்கும் இடந்தான் இருக்கும், ‘ல’வின் சுழியும் அப்படியே. நான் முதன்முதலில் வாங்கிய வாள் ஊசி அலகை மட்டுமே ஏற்றது. அதில் வெட்டிய பலகையில் சுழிகள் எல்லாம் வெறும் உருண்டைத் துளைகளாகவே நின்றன, அதை எவருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

குறைந்த விலை வாள்கள் பலவற்றில் ஊசி அலகே இயல்பாகப் பொருந்தும். வெறுமுனை அலகுக்குத் தனிப் பிடிப்பான் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துத் தருவார்கள். அந்தப் பிடிப்பானைக் கடையிலேயே மாட்டச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு உள்வெட்டுக்கும் அலகை ஒரு முனையில் கழற்றி, பலகைக்குள் நுழைத்து, மீண்டும் பூட்டி, தளராதபடி இழுத்து முறுக்கேற்ற வேண்டியிருப்பதால், ஒரு பெயர்ப்பலகைக்கே பத்துப் பன்னிரண்டு தடவை இதைச் செய்வீர்கள். கையால் திருகும் பூட்டும், முன்பக்கத்திலேயே எட்டும் முறுக்கு நெம்புகோலும் உள்ள வாளுக்குச் சற்று அதிகம் கொடுக்க நேர்ந்தாலும் கொடுங்கள். மற்ற எந்த வசதிக்காகவும் விலையைக் கூட்ட வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

16 அங்குலம் என்பது அலகுக்கும் பின்னாலுள்ள தூணுக்கும் இடைப்பட்ட தூரம், அதாவது ஏறத்தாழ 400 மில்லிமீற்றர். இரண்டடிப் பலகைக்கு அது தாராளம். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி கட்டாயம் வேண்டும். அலகு நிமிடத்துக்கு 400 முதல் 1600 தடவை வரை மேலும் கீழும் அசைவது என்பது இந்த விலை வாள்களில் பொதுவாகக் காணும் அளவு, உங்கள் வேலைக்கு அது போதும்.

மகனின் அன்பை மதிக்கிறேன், ஆயினும் கனடாவிலிருந்து வேண்டாம். அங்கு மின்சாரம் 120 வோல்ற், 60 ஹெர்ட்ஸ். இங்கு இலங்கையில் 230 வோல்ற், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வைத்தால் அழுத்தம் குறையும், அதிர்வெண் மாறாது. மோட்டாரின் வகையைப் பொறுத்து வேகம் ஆறில் ஒரு பங்கு வரை குறையலாம், சூடும் ஏறலாம். இலண்டனிலோ ஜேர்மனியிலோ உறவினர் இருந்தால் அங்குள்ள வாள் மின்மாற்றி இல்லாமலே இங்கு இயங்கும். ஆனாலும் பழுதுபார்ப்பதற்கும் உதிரிப்பாகத்துக்கும் கொழும்பில் இரும்புச் சாமான் கடைகள் நிறைந்த பழைய சோனகத் தெருவில் ஏறி இறங்கி வாங்குவதே நல்லது. பணம் கொடுப்பதற்கு முன்னர் அந்த வாளில் போடக்கூடிய வெறுமுனை அலகு அதே தெருவில் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கிடைக்குமானால் ஒரு டசினைச் சேர்த்தே வாங்குங்கள்.

கடையில் மின் இணைப்புக் கொடுத்து இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு தடித்த மரத்துண்டில் சிறிய வெட்டு ஒன்றை இட்டு வாளை நிறுத்துங்கள். துண்டை மறுபுறம் திருப்பி, அலகின் பின்பக்கத்திலிருந்து அதே வெட்டுக்குள் நுழைத்துப் பாருங்கள். தடையின்றி நுழைந்தால் மேடை அலகுக்குச் செங்குத்தாக இருக்கிறது. அலகின் மேல்முனையைத் தாங்கும் வாளின் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தும் பாருங்கள்; அங்கே ஆட்டம் இருந்தால் அந்த வாளை விட்டுவிடுங்கள். அடிப்பாகம் பாரமான வார்ப்பிரும்பாக இருந்தால் அதிர்வு குறையும். தொடர்மாடியில் கீழ்வீட்டாரை நினைத்து, வாளை உறுதியான மேசையில் போல்ட் போட்டு இறுக்கி, மேசைக் கால்களுக்குத் தடித்த இறப்பர் விரிப்பு வையுங்கள். கடற்காற்று இரும்பு மேடையை விரைவில் துருவேற்றும் என்பதால் அதில் மெழுகு பூசி வரவும் வேண்டும்.

கேள்வி: என் வாளில் அலகு அடிக்கடி முறிகிறது. தேக்கின் ஓரங்களும் கருகுகின்றன. மலிவான வாள் என்பதுதான் காரணமா?
– வத்தளை வாசகி ஒருவர்

பதில்: பெரும்பாலும் வாள் காரணமல்ல. பலகையை நீங்கள் அவசரமாகத் தள்ளுகிறீர்கள், அல்லது மழுங்கிய அலகை மாற்றாமல் வைத்திருக்கிறீர்கள். அலகின் பற்கள் கீழ்நோக்கி இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். முறுக்கேற்றிய அலகை விரலால் சுண்டினால் தந்தி போலத் தெளிவான ஒலி எழ வேண்டும். மந்தமாக ஒலித்தால் முறுக்குப் போதாது. 18 மில்லிமீற்றர் தேக்குக்கு 5ஆம் அல்லது 7ஆம் இலக்க அலகைப் போட்டு, வேகத்தைச் சற்றுக் குறைத்து, பலகையின் மேல் பொதி கட்டும் ஒட்டுநாடாவை ஒட்டி வெட்டுங்கள். நாடாவின் வழுவழுப்பு உராய்வைத் தணிப்பதால் கருகல் வெகுவாகக் குறையும். முகக்கவசம் இல்லாமல் வாளின் அருகே அமராதீர்கள். மரத்தூளைப் புற்றுநோய்க் காரணிகளின் முதற் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் சேர்த்திருக்கிறது, அந்த நுண்தூளைத் துணி மறைப்பு தடுக்காது, N95 வகையே வேண்டும்.