பிரிட்டன் வேலை விசா மறுத்துவிட்டார்களா? மதுரைக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

பிரிட்டனின் ஸ்கில்டு வொர்க்கர் விசா மறுக்கப்பட்டவர்கள் கேட்டவை இவை. எல்லோருக்கும் முதலில் ஒன்று: மறுப்புக் கடிதத்தை ஏஜெண்ட் சொல்லிக் கேட்காதீர்கள், நீங்களே வரி வரியாக வாசியுங்கள்.

மேலூர் நர்ஸ்: "கைச்செலவுக்குப் பணம் காட்டவில்லை என்று மறுத்துவிட்டார்கள். முதல் மாதச் செலவை ஆஸ்பத்திரியே ஏற்பதாக சி.ஓ.எஸ்.ஸில் (வேலை கொடுப்பவர் தரும் ஸ்பான்சர் சான்றிதழில்) இருக்கிறது. அப்பீல் போகலாமா?"

கோர்ட்டுக்குப் போகிற அப்பீல் இதற்குக் கிடையாதும்மா. இருப்பது அட்மினிஸ்ட்ரேட்டிவ் ரிவ்யூ. முதல் அதிகாரி தப்பு செய்தாரா என்று இன்னொரு அதிகாரி பார்ப்பார். கட்டணம் 80 பவுண்டு. முடிவு மாறினால் அது திரும்ப வரும்.

உங்கள் கேஸ் இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. பிரிட்டன் அரசிடம் ஏ ரேட்டிங் (முழுத் தகுதி) பெற்ற ஸ்பான்சர், அதாவது வேலை கொடுப்பவர், செலவை ஏற்பதாக சி.ஓ.எஸ்.ஸில் எழுதிவிட்டால், நீங்கள் பேங்க் கணக்கு காட்டவே தேவையில்லை. அதிகாரி அந்த வரியைப் பார்க்காமல் விட்டிருக்கிறார். மறுப்புக் கடிதத்தின் வரியையும் சி.ஓ.எஸ்.ஸின் வரியையும் அடுத்தடுத்து எழுதிக் காட்டுங்கள். குடும்பக் கஷ்டமெல்லாம் அதில் வேண்டாம்.

திருமங்கலம் இன்ஜினியர்: "தங்கச்சி பீஸுக்கு அப்பா பணம் எடுத்ததால் ஒரே ஒரு நாள் கணக்கில் குறைந்துவிட்டது. புது ஸ்டேட்மென்ட் அனுப்பலாமா?"

எடுபடாது தம்பி. 1,270 பவுண்டு தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும், ஒரு நாள் குறைந்தாலும் போச்சு. அதிகாரி தப்பு செய்யவில்லை, அதனால் ரிவ்யூவில் பலன் இல்லை. புதிதாக விண்ணப்பியுங்கள். பழைய சி.ஓ.எஸ். செல்லாது, கம்பெனியிடம் புதிது கேளுங்கள். ஹெல்த் சர்சார்ஜ் (அங்கே அரசு மருத்துவ வசதிக்கான கட்டணம்) கட்டியிருந்தால் திரும்ப வரும், விசா கட்டணம் வராது.

உசிலம்பட்டி: "ரிவ்யூவை எத்தனை நாளுக்குள் போட வேண்டும்?"

முடிவு கையில் கிடைத்ததிலிருந்து 28 நாள். பிரிட்டனுக்குள் இருந்து விண்ணப்பித்தவர்களுக்கு 14 நாள்தான்.

அனுப்பானடி: "28 நாளில் சனி, ஞாயிறு சேருமா?"

சேரும்.

வாடிப்பட்டி: "மறுப்பு வந்து இரண்டு மாதம் ஆச்சு, இப்போது ரிவ்யூ போடலாமா?"

28 நாள் என்று மேலேயே சொல்லிவிட்டேன். நாளை எண்ணுங்கள், தயவுசெய்து எண்ணுங்கள்.

செல்லூரில் டிராவல்ஸ் நடத்துபவர்: "ரிவ்யூ வீண் வேலை சார். உடனே புது அப்ளிகேஷன் போடுவதுதான் புத்திசாலித்தனம்."

அண்ணே, பேப்பர் விட்டுப்போன கேஸுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் ரிவ்யூ நடக்கும்போது புது அப்ளிகேஷன் போட்டால், ரிவ்யூ வாபஸ் ஆகிவிடும்.

அவரே மறுபடியும்: "எல்லாக் கேஸும் பேப்பர் கேஸ்தானே?"

இல்லவே இல்லை. கடிதத்தில் ஏமாற்று, பொய் ஆவணம் என்று ஒரு வார்த்தை விழுந்திருந்தால் நிலைமையே வேறு. அதை அப்படியே விட்டால் 10 வருடத்துக்கு அடுத்தடுத்த விண்ணப்பங்களும் மறுக்கப்படும். நம் பக்கம் பொய் இல்லையென்றால் ரிவ்யூ போட்டு அந்த வார்த்தையை எடுக்க வைக்க வேண்டும். இதைச் சொல்லாமல் பிள்ளைகளிடம் இரண்டாவது முறை கட்டணம் வாங்காதீர்கள் அண்ணே. பழைய மறுப்பை மறைத்து எழுதச் சொல்வது அதைவிடப் பெரிய பாவம். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அதைக் கேட்கிறார்கள்.

சோழவந்தான்: "மறுத்த பிறகு வேறு ஏஜெண்ட் வந்து, எட்டு லட்சம் கொடுத்தால் புது சி.ஓ.எஸ். வாங்கித் தருகிறேன் என்கிறார்."

கொடுக்காதீர்கள். சி.ஓ.எஸ். கட்டணத்தை ஸ்பான்சர் உங்கள் தலையில் கட்டவே கூடாது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அந்தக் கம்பெனி பெயர் பிரிட்டன் அரசின் ஸ்பான்சர் பட்டியலில் இருக்கிறதா, ஏஜெண்ட் பெயர் இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.