காட்டுமாட்டுக்கு வைக்கோல் போடலாமா?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வன கால்நடை மருத்துவர் பதில் அளிக்கிறார்

மார்ச் மாதம் மசினகுடி போயிருந்தோம். சாலையோரம் ஒரு காட்டுமாடு எலும்பும் தோலுமாக நின்றது. கோடையில் இவற்றுக்கு வைக்கோலாவது போடக் கூடாதா?
– வாசகி, திருப்பூர்

உங்கள் பதைப்பு நியாயமானது. ஆனால் ஒரு மாட்டை வைத்து மந்தையை எடைபோட முடியாது. நீங்கள் பார்த்தது பல் தேய்ந்த கிழமாடாக இருக்கலாம். நாங்கள் முதலில் தேடுவது கன்று ஈன்ற பசுக்களை. தீவனம் குறைந்தால் பால் கொடுக்கிற தாய்தான் முதலில் இளைக்கும். இடுப்பெலும்பு துருத்துகிறதா, வால் அடியில் இருபக்கமும் குழி விழுந்திருக்கிறதா, விலாவை எண்ண முடிகிறதா என்று தொலைநோக்கியில் பார்த்து மதிப்பெண் போடுவோம். அதே மந்தையை மழை முடிந்ததும் ஒரு முறை, கோடைக் கடைசியில் ஒரு முறை பார்த்தால்தான் எவ்வளவு இளைத்திருக்கிறது என்று புரியும்.

அடுத்தது சாணம். பச்சைப்புல் காலத்தில் இளகலாகப் பரவிக் கிடக்கும். ஏப்ரலில் குச்சியால் கிளறினால் கெட்டியாக, நார் நாராக உதிரும். அதை உலர்த்தி ஆய்வகத்துக்கு அனுப்பினால், அதிலுள்ள நைட்ரஜனை வைத்து மாடு தின்ற புல்லின் புரதத்தைக் கணிக்கலாம். புரதம் 6, 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களால் புல்லைச் சரியாகச் செரிக்க முடியாது. வயிறு முட்டத் தின்றும் மாடு உருகிப்போகும். நெல் வைக்கோலில் இருப்பதோ 4 சதவீதம் அளவுக்குத்தான்! போதாக்குறைக்கு, தீவனம் கொட்டிய இடத்தில் நாலு மந்தை முட்டி மோதி எச்சிலும் சாணமும் கலந்தால் நோய்தான் பரவும்.

புல்லை அமுக்கிப் பரவும் அயல்நாட்டுக் களைகளான உண்ணிச்செடியையும் மஞ்சள் கொன்றையையும் வேரோடு எடுத்த இடங்களில் புல் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். வைக்கோலுக்கு ஆகிற பணத்தை அங்கே செலவழிக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

காட்டு விலங்குகளுக்குத் தடுப்பூசி போடுவது உண்டா?
– கல்லூரி மாணவர், தேனி

ஊர் மாட்டுக்குப் போடுங்கள், காடு பிழைத்துக்கொள்ளும். 1968-ல் வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட் என்கிற மாட்டுக் கொள்ளைநோய்) வந்து முதுமலை, பந்திப்பூர் காட்டுமாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியிலும் அதே நோய்தான் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் இன மந்தைகளைப் பல காலம் அழுத்தி வைத்திருந்தது. சுற்றுவட்டார மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். 1960-களின் தொடக்கத்தில் இரண்டரை லட்சம் அளவில் இருந்த வில்டபீஸ்ட், 1970-களின் கடைசியில் 13 லட்சத்தை எட்டியது. அவற்றில் ஒன்றுக்குக்கூட யாரும் ஊசி போடவில்லை. வெக்கை 2011-ல் உலகத்தை விட்டே ஒழிந்தது. கோமாரி இன்னும் ஒழியவில்லை. காட்டோர ஊர்களில், முகாமுக்கு மாட்டை ஓட்டி வராதவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

எங்கள் எஸ்டேட் ஓரத்தில் அவ்வப்போது மான் செத்துக் கிடக்கிறது. புதைத்துவிடலாமா?
– வாசகர், கூடலூர்

தயவுசெய்து தொடாதீர்கள். மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் கசிந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். உடலை அறுத்தால் அந்தக் கிருமி வித்துகளாகி மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். அதனால் காதோர நரம்பில் ஒரு சொட்டு ரத்தம் மட்டும் எடுத்துச் சோதிப்போம். அடைப்பான் இல்லை என்று உறுதியானால்தான் கத்தியை எடுப்போம். அப்போது தொடையெலும்பையும் உடைத்துப் பார்ப்போம். மஜ்ஜை வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் அந்த மான் பட்டினியால் சாகவில்லை. வேறு காரணம் தேட வேண்டும். சிவந்து கூழாக இருந்தால் உடம்பின் கடைசிக் கொழுப்பும் கரைந்துவிட்டது என்று பொருள்.

நீங்கள் நாய்களை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டு, உடனே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தள்ளி நின்று, மூக்கும் பின்பக்கமும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பினால் வருகிற மருத்துவருக்குப் பாதி வேலை குறையும்.