முதல் ஸ்லாட் சவாரிக்காக அல்ல, சாவிக்காக!

கேள்வி: ஜூன் மாதம் நான்கு இரவு ஆர்லாண்டோவில், வால்ட் டிஸ்னி வேர்ல்டின் சொந்த ஓட்டலிலேயே தங்குகிறோம். நாங்கள் இருவர், 9 வயது மகன் (130 செ.மீ.), 4 வயது மகள் (98 செ.மீ.), ஊரிலிருந்து வரும் என் மாமனார், மாமியார் என்று மொத்தம் ஆறு பேர். மேஜிக் கிங்டமுக்கு ஒரு நாள், ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கு ஒரு நாள். லைட்னிங் லேன் மல்டி பாஸ் (நீண்ட வரிசையில் நிற்காமல், குறித்த நேர 'ஸ்லாட்'டில் சவாரிக்குள் போகக் காசு கொடுத்து வாங்குவது) வாங்குவதாக முடிவு செய்துவிட்டோம். 2018-இல் போய்வந்த என் அக்கா, "மூன்று ஸ்லாட்டையும் காலையிலேயே முடித்துவிடு" என்கிறாள். என் கணவரோ, "காலையில்தான் கூட்டமே இருக்காதே, வரிசை நீளும் மத்தியானத்துக்கு வைத்தால்தானே கொடுத்த காசுக்குப் பலன்?" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, கலிபோர்னியா

பதில்: அக்கா சொல்வது சரி, ஆனால் அதற்கு அவர் வைத்திருக்கும் காரணம் பழையது. அவர் போன காலத்தில் இருந்தது இதன் முன்னோடியான ஃபாஸ்ட்பாஸ் பிளஸ். அதற்குக் காசு கிடையாது. டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்கள் 60 நாளுக்கு முன்பே பதிவு செய்துகொள்ளலாம். மூன்றையும் பயன்படுத்தி முடித்தால்தான் நான்காவது கிடைக்கும். அதனால்தான் எல்லோரும் மூன்றையும் அவசர அவசரமாகக் காலையில் முடித்தார்கள். 2024 ஜூலை 24-இல் வந்த மல்டி பாஸில் விதி வேறு. முன்கூட்டியே மூன்று ஸ்லாட் எடுத்துக்கொள்ளலாம். அவற்றில் ஒன்றைப் பயன்படுத்தியதுமே அடுத்ததை எடுக்கலாம். கையில் எப்போதும் அதிகபட்சம் மூன்று. மல்டி பாஸில் ஒரே சவாரியை ஒரு நாளில் இரண்டு முறை எடுக்க முடியாது.

உங்கள் கணவரின் கணக்கு இந்த இடத்தில்தான் இடறுகிறது. ஒரே ஒரு ஸ்லாட் என்றால் அவர் சொல்வதுதான் சரி: வரிசை மிக நீளமாக இருக்கும் நேரத்தில் வைத்தால் மிச்சம் அதிகம். ஆனால் மல்டி பாஸ் ஒரு சங்கிலி. மூன்றையும் 1 மணி, 2 மணி, 3 மணிக்கு வைத்தீர்களானால், சவாரி வாசலில் உள்ள கருவியில் டிக்கெட்டைத் தட்டி முதல் முறை உள்ளே போவதே 1 மணிக்கு மேல். நான்காவதைத் தேட அப்போதுதான் போனில் டிஸ்னி ஆப்பைத் திறப்பீர்கள். அதற்குள் கிராக்கியான சவாரிகளுக்கு இரவு நேரம்தான் மிஞ்சியிருக்கும், சில நாள் அதுவும் இருக்காது. 9 மணி ஸ்லாட்டை 9:05-க்குத் தட்டியவர் அதே சவாரிகளை நான்கு மணி நேரம் முன்பே தேட ஆரம்பித்திருப்பார்.

ஆகவே முதல் ஸ்லாட்டை அதன் சவாரிக்காக எடுக்காதீர்கள். அது பூட்டைத் திறக்கும் சாவி. இரண்டு பூட்டு திறக்கிறது. ஒன்று, அடுத்த பதிவு. இன்னொன்று, டியர் (அடுக்கு) கட்டுப்பாடு. மேஜிக் கிங்டம், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், எப்காட் ஆகிய மூன்று பூங்காக்களிலும் சவாரிகளை இரண்டு பட்டியலாகப் பிரித்திருக்கிறார்கள். முன்பதிவில், கிராக்கியான முதல் டியரிலிருந்து ஒன்றுதான், இரண்டாம் டியரிலிருந்து இரண்டு. அனிமல் கிங்டமில் இந்தப் பிரிவினை இல்லை. முதல் ஸ்லாட்டைத் தட்டிய பிறகு இந்தக் கட்டுப்பாடு போய்விடும், முதல் டியரிலேயே இன்னொன்றும் எடுக்கலாம். எனவே இரண்டாம் டியரில் சாதுவான ஒரு சவாரியைப் பூங்கா திறக்கும் மணிக்கு வையுங்கள். வரிசை இல்லாத நேரத்தில் அதை வீணடிக்கிறோமே என்று தோன்றும். தோன்றட்டும். ஆனால் பெரிய அரங்கக் காட்சிகளைச் சாவியாக வைக்க வேண்டாம். அவற்றுக்குக் குறித்த நேரம் உண்டு, அதுவரை தட்ட முடியாது.

மேஜிக் கிங்டம் நாளை இப்படி வைத்துப் பார்க்கலாம். பூங்கா 9 மணிக்குத் திறக்கிறது என்று கொண்டால் (உங்கள் தேதிக்கு ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்), ஓட்டல் விருந்தினர்களுக்கு 8:30-க்கே அனுமதி. அந்த நேரத்தில் ஃபேன்டஸிலேண்டும் டுமாரோலேண்டும்தான் இயங்கும். 8:30-க்குச் சாதாரண வரிசையிலேயே பீட்டர் பான். அதன் வண்டிகள் சிறியவை, இரண்டு மூன்று பேர்தான் உட்காரலாம். அதனால் கூட்டம் கொஞ்சம் சேர்ந்தாலே வரிசை நகராமல் நிற்கும். கூட்டம் வருமுன் முடிக்க வேண்டிய சவாரி இது. அங்கிருந்து பக்கத்திலேயே வின்னி த பூ: 9 மணி ஸ்லாட், இரண்டாம் டியர், உங்கள் சாவி. அடுத்து 10 மணி ஸ்லாட்டாக ஜங்கிள் க்ரூஸ், முதல் டியரில் எடுக்கும் ஒன்று. பிறகு அதே அட்வென்சர்லேண்டில் 11 மணிக்குப் பைரேட்ஸ். மூன்றும் நடைக்குத் தோதாக, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போகும் வரிசையில் இருக்கின்றன. பூங்காவின் இரு முனைகளில் இருக்கும் சவாரிகளை அடுத்தடுத்த மணிக்கு வைத்துவிட்டு, தாத்தா பாட்டியோடு வெயிலில் குறுக்கும் நெடுக்கும் நடப்பதுதான் முதல் தடவை வருபவர்கள் அதிகம் செய்யும் பிழை.

ஸ்லாட் ஒரு மணி நேரத்துக்குச் செல்லும். அந்த மணி தொடங்கியதுமே போய்விடுங்கள், கடைசி நிமிடத்துக்கு வைக்காதீர்கள். 10:00 முதல் 11:00 வரை உள்ளதை 10:55-க்குத் தட்டினால் அடுத்த பதிவுக்கான நேரத்தில் 55 நிமிடம் போய்விடுகிறது. நடைமுறையில் 5 நிமிடம் முன்போ 15 நிமிடம் பின்போ வந்தால் விடுகிறார்கள், அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டி உள்ளே போனதும் அடுத்ததை எடுக்கிறீர்கள். எந்த நேரத்துக்கு? உங்கள் கணவர் சொன்னது இங்கேதான் கைகொடுக்கும். சுமார் 11:30 வரை, கிடைப்பதில் மிக அருகில் உள்ள நேரத்தை எடுங்கள். சங்கிலி வேகமாக ஓட வேண்டும். அதற்குப் பிறகு எடுப்பவற்றை மாலை 5 மணிக்கு மேல் தள்ளுங்கள். ஏனென்றால் 12:30 முதல் 4:30 வரை நீங்கள் ஓட்டல் அறையில் இருக்க வேண்டும். ஜூன் வெயிலில் பெரியவர்களையும் 4 வயதுக் குழந்தையையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பூங்காவில் நிற்பது நடக்காத காரியம். பதிவு செய்யப் பூங்காவுக்குள் இருக்க வேண்டியதில்லை. மதியம் கிளம்பும்போது மாலைக்கான மூன்று ஸ்லாட் கையில் இருந்தால் அந்தக் காலை உருப்படியாகப் போயிற்று என்று அர்த்தம்.

வேண்டிய சவாரிக்கு இரவு 8:40-தான் காட்டுகிறதா? எடுத்து வையுங்கள், பிறகு 'மாடிஃபை' செய்து முன்னால் இழுங்கள். மற்றவர்கள் விட்டுவிடும் ஸ்லாட்டுகள் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டே இருக்கும். ரத்து செய்துவிட்டுப் புதிதாகத் தேடாதீர்கள். மாற்றத்தை உறுதி செய்யும் வரை பழைய ஸ்லாட் உங்களிடமே இருக்கும், ரத்து செய்தாலோ அந்த நொடியே வேறொருவர் கைக்குப் போய்விடும்.

ஃபுளோரிடாவின் ஜூன் மாதத்தில் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்: பிற்பகல் இடிமழை. அருகில் மின்னல் என்றதும் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். ஸ்லிங்கி டாக் டேஷ், செவன் டுவார்ஃப்ஸ் மைன் ட்ரெய்ன், ஜங்கிள் க்ரூஸ் படகுகள் எல்லாம் இந்த ரகம். மழை விட்ட பிறகும் உடனே ஓடாது, பார்த்துச் சரிசெய்து திறக்க நேரம் பிடிக்கும். ஆக, வானம் பார்க்கும் சவாரிகள் மதியம் 1 மணிக்குள், கூரைக்குக் கீழ் உள்ளவை மாலைக்கு. ஹான்டட் மேன்ஷன், ஸ்பேஸ் மவுன்டன், டாய் ஸ்டோரி மேனியா மூன்றுக்கும் மழை ஒரு பொருட்டில்லை. உங்கள் நேரத்தில் சவாரி நின்றுவிட்டால் ஸ்லாட் வீணாகாது. அதே சவாரி மீண்டும் திறந்த பிறகோ, ஆப் காட்டும் வேறு சில சவாரிகளிலோ பயன்படுத்தும்படி மாற்றிக்கொடுப்பார்கள். அந்தப் பட்டியலில் பெரிய சவாரிகள் பெரும்பாலும் இருக்காது, அவ்வளவுதான்.

கடைசி ஒரு மணி நேரத்துக்கு எந்த ஸ்லாட்டையும் ஒதுக்காதீர்கள். வாண வேடிக்கை நடக்கும்போதும் அதற்குப் பிறகும் பல வரிசைகள் தாமாகவே சுருங்கும். பூங்கா மூடும் நிமிடத்துக்குள் வரிசையில் நுழைந்துவிட்டால் ஏற்றிவிட்டுத்தான் அனுப்புவார்கள். செவன் டுவார்ஃப்ஸுக்குத் தனி விலையில் விற்கும் சிங்கிள் பாஸ் வாங்கவில்லை என்றால் இதுதான் வழி. உயர வரம்பு 97 செ.மீ., உங்கள் மகள் ஒரு செ.மீ. வித்தியாசத்தில் தப்பிக்கிறாள். வாசலில் அளந்துதான் விடுவார்கள், அதனால் மெல்லிய செருப்பு வேண்டாம், ஷூவே போட்டு அழைத்துப்போங்கள்.

பதிவு செய்யும் நாளைப் பற்றி. டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்களுக்கு, ஓட்டலுக்கு வரும் தேதிக்கு 7 நாள் முன்பு, கிழக்கு அமெரிக்க நேரம் காலை 7 மணிக்குத் திறக்கும். வெளியே தங்குபவர்களுக்குப் பூங்கா நாளுக்கு 3 நாள் முன்புதான். கலிபோர்னியாவில் அப்போது விடியற்காலை 4 மணி, அலாரம் வைத்தே ஆக வேண்டும். 7 நாள் என்பது வந்திறங்கும் தேதிக்குத்தான் கணக்கு. அந்த ஒரே காலையில் தங்கும் நாட்கள் அத்தனைக்கும் பதிவு செய்யலாம். அதாவது நான்காம் நாள் பூங்காவை 10 நாள் முன்பே பிடிக்கிறீர்கள். அன்றுதான் வந்திறங்கும் குடும்பங்களுக்கு அந்தத் தேதி இன்னும் திறந்திருக்காது. ஆகவே கடினமான பூங்காவைக் கடைசியில் வையுங்கள். உங்களுக்கு அது ஹாலிவுட் ஸ்டூடியோஸ். அந்தக் காலையில் முதலில் அதைப் பதிவு செய்துவிட்டு, பிறகு மேஜிக் கிங்டமுக்கு வாருங்கள். ஆறு பேரின் டிக்கெட்டும் ஆப்பில் ஒரே குழுவாக முந்தைய நாளே இணைந்திருக்க வேண்டும், கார்டு விவரமும் ஏறியிருக்க வேண்டும். மாமியாரின் டிக்கெட் எண்ணை 7:01-க்குத் தேடிக்கொண்டிருந்தால் ஸ்லிங்கி டாக் போய்விட்டிருக்கும்.

ஹாலிவுட் ஸ்டூடியோஸில் முதல் டியரிலிருந்து எடுக்க வேண்டியது அந்த ஸ்லிங்கி டாக்தான், முடிந்தவரை முற்பகலில். இதற்கும் உயர வரம்பு 97 செ.மீ., மகள் ஏறலாம். கிடைக்கவில்லையா? ஓட்டல் விருந்தினர் அரை மணியில் நேராக அங்கே நடங்கள். காசு கொடுத்து வாங்கிய அரை மணி அது, தூங்கிக் கழிக்க வேண்டாம். ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ் மல்டி பாஸில் வராது. அதற்குத் தனியாகச் சிங்கிள் பாஸ், தனி விலை. உங்கள் மூன்று ஸ்லாட் கணக்கில் அது சேராது. அதையும் முற்பகலுக்கே வாங்குங்கள். இயந்திர நுணுக்கம் அதிகம் உள்ள சவாரி, அடிக்கடி நின்றுபோகும். காலை நேரத்தில் நின்றால் திரும்பி வர நாள் மீதியிருக்கும். இரவு 8 மணிக்கு நின்றால் முடிந்தது கதை. உயர வரம்பு 102 செ.மீ. என்பதால் மகளுக்கு அனுமதியில்லை. மகளையும் அழைத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்தே வாசலுக்குப் போய் 'ரைடர் ஸ்விட்ச்' கேளுங்கள். கணவரும் மகனும் போய் வரும்வரை நீங்கள் மகளோடு இருந்துவிட்டு, பிறகு முழு வரிசையில் நிற்காமல் போகலாம். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

மல்டி பாஸ் ஆளுக்கு ஆள், பூங்காவுக்குப் பூங்கா, தேதிக்குத் தேதி தனி விலை. மேஜிக் கிங்டமுக்கு ஆறு பேருக்கும் வாங்குங்கள். ஹாலிவுட் ஸ்டூடியோஸில் மாமனார் மாமியாருக்கு வாங்குவது வீண் செலவு. அங்கே பெரும்பாலானவை குலுக்கி எடுக்கும் ரகம். அன்று காலை அவர்கள் ஓட்டலில் இருந்துவிட்டு மாலையில் வந்து சேரட்டும். மேஜிக் கிங்டமில் ஹான்டட் மேன்ஷனுக்கு அவர்களையும் அழைத்துப் போகலாம், ஆனால் ஏறும் இடத்தில் தரையே நகர்ந்துகொண்டிருக்கும். முழங்கால் வலி இருந்தால் முன்கூட்டியே ஊழியரிடம் சொல்லுங்கள், வேகத்தைக் குறைப்பார்கள்.

பலருக்குப் பிடிபடாமல் போகும் விஷயம் ஒன்று உண்டு. ஸ்லாட்டுகள் குழுவுக்கு அல்ல, ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனிக் கணக்கு. ஆறு பேருக்குப் பைரேட்ஸ் எடுத்துவிட்டு, மாமனார் "நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லித் தட்டாமல் விட்டால், அந்த மணி முடியும்வரை அவர் கையில் அது தங்கிவிடும். அடுத்ததை ஆறு பேருக்கும் எடுக்கப் போகும்போது, ஆப் அவரை மட்டும் ஒதுக்கிவிடும். ஏன் என்று புரியாமல் பத்து நிமிடம் போகும். அவர் வரவில்லை என்றால் அந்த இடத்திலேயே அவர் பெயரில் உள்ளதை மட்டும் ரத்து செய்யுங்கள். இதே விதியை உங்களுக்குச் சாதகமாகவும் திருப்பலாம். மாலை 6 மணிக்குக் கணவருக்கும் மகனுக்கும் ஸ்பேஸ் மவுன்டன் (112 செ.மீ.), அதே மணிக்கு மற்ற நால்வருக்கும் டம்போ என்று பிரித்து எடுங்கள். ஆப்பில் ஒவ்வொரு சவாரிக்கும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் இடம் உண்டு.

பதிவு செய்யும் வேலை ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். இருவர் இரண்டு போனில் ஒரே நேரத்தில் மாற்றினால் ஒருவர் எடுத்ததை மற்றவர் கலைப்பார். அந்த ஒரு போன் மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடும், 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.