கீ சரி, இருப்பு மட்டும் பூச்சியம்: தம்பியின் பிட்கொயின் எங்கே?

கேள்வி: கட்டாரில் வேலை செய்த என் தம்பி 2018இல் கொஞ்சம் பிட்கொயின் வாங்கி வைத்திருந்தான். அந்த ஃபோன் பழுதாகிவிட்டது. கொப்பியில் அவன் எழுதித் தந்த பிரைவேட் கீ மட்டும் இருக்கிறது. பெரிய ‘எல்’ எழுத்தில் தொடங்கும், மொத்தம் 52 எழுத்துகள். எலக்ட்ரம் என்ற பிட்கொயின் வொலட் செயலியில் போட்டால் ஏற்றுக்கொள்கிறது, இருப்பு பூச்சியம் என்கிறது. டவுனில் ஃபோன் திருத்தும் ஒருவர், வொலட் ‘லொக்’ ஆகிவிட்டது, 75,000 ரூபாயும் கீயின் படமும் தந்தால் அக்டிவேட் செய்து தரலாம் என்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: காசும் கொடுக்காதீர்கள், படமும் கொடுக்காதீர்கள். பிட்கொயினில் ‘லொக்’ ஆவதும் இல்லை, ‘அக்டிவேட்’ செய்வதும் இல்லை. நாணயம் உங்கள் தம்பியின் ஃபோனுக்குள் இருக்கவில்லை. எந்த முகவரியில் (வங்கிக் கணக்கு இலக்கம் போன்ற ஓர் எழுத்துத் தொடர்) எவ்வளவு என்பது உலகம் முழுக்கப் பொதுவாக இருக்கும் ஒரு பேரேட்டில் பதிவாகியிருக்கிறது. அங்கிருந்து எடுத்து அனுப்பும் அதிகாரம்தான் அந்த 52 எழுத்துகள். அதைப் பார்த்தவர் எவரும் கையொப்பமோ அடையாள அட்டையோ இல்லாமல் முழுவதையும் தன் பக்கம் மாற்றிவிடலாம். போனதைத் திருப்பித் தர ஒரு வங்கியும் கிடையாது.

செயலி கீயை ஏற்றுக்கொண்டது நல்ல செய்தி. இந்த வகைக் கீக்குள்ளேயே சரிபார்க்கும் பகுதி ஒன்று சேர்ந்திருக்கிறது. ஓர் எழுத்துப் பிழைத்திருந்தாலும் செயலி மறுத்திருக்கும். ஆகவே நீங்கள் பார்த்து எழுதியது சரி. (மறுக்கப்பட்டவர்கள் கவனிக்க: இந்தக் கீகளில் பூச்சியம், பெரிய ஓ, பெரிய ஐ, சிறிய எல் ஆகிய நான்கும் வரவே வராது. வட்டமாகத் தெரிவது சிறிய ஓ, வெறும் கோடாகத் தெரிவது இலக்கம் 1.)

பிறகு ஏன் பூச்சியம்? தம்பி வாங்கிய காலத்தில் ஒரே கீயிலிருந்து மூன்று விதமான முகவரிகள் பிறக்க முடிந்தது. பழைய வகை 1 என்ற இலக்கத்தில் தொடங்கும். 2017 ஓகஸ்டில் செக்விட் என்ற மாற்றம் வந்தபின் 3இல் தொடங்குவதும், ‘பிசி1கியூ’ என்று தொடங்குவதும் புழக்கத்துக்கு வந்தன. வெறும் கீயை மட்டும் போட்டால் எலக்ட்ரம் 1இல் தொடங்கும் முகவரியை மட்டுமே பார்க்கிறது. தம்பி 2018இல் வாங்கியதால் நாணயம் மற்ற இரண்டில் ஒன்றில் கிடக்க நல்ல வாய்ப்புண்டு. ‘வேறு வகை முகவரியையும் பாருங்கள்’ என்று ஒரு வரி காட்டியிருந்தால் எத்தனையோ பேருடைய நெஞ்சிடி குறைந்திருக்கும். செயலி செய்பவர்களுக்கு அந்த அக்கறை இல்லை. அந்த இடைவெளியில்தான் ‘அக்டிவேட்’ வியாபாரம் நடக்கிறது.

முதலில் தம்பியிடம் கீயைப் பற்றிப் பேசாமல், பழைய முகவரி ஏதாவது மின்னஞ்சலிலோ அரட்டையிலோ கிடக்கிறதா என்று கேளுங்கள். முகவரி மட்டும் வெளியே தெரிந்தால் காசு போகாது. அந்தப் பேரேட்டைக் காட்டும் மெம்பூல் டொட் ஸ்பேஸ் தளத்தில் அதை இட்டால் இருப்பு அப்படியே தெரியும்.

அடுத்து, உங்கள் வீட்டு மடிக்கணினி ஒன்றை எடுங்கள். கடைக் கணினி வேண்டாம், களவு வின்டோஸ் ஏற்றிய கணினியும் வேண்டாம். நீங்கள் கொப்பி செய்த முகவரியை ஒட்டும்போது திருடனின் முகவரியாக மாற்றிவிடும் வைரஸ்கள் அவற்றில் சாதாரணம். எலக்ட்ரம் டொட் ஓஆர்ஜி என்று நீங்களே தட்டச்சு செய்து மென்பொருளை இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தை அழுத்தாதீர்கள். 2018 டிசெம்பரில் எலக்ட்ரத்தின் பழைய பதிப்புகளுக்குள்ளேயே ‘புதுப்பியுங்கள்’ என்று போலிச் செய்தி தோன்றியது. நம்பி இறக்கியவர்கள் நாணயத்தை இழந்தார்கள்.

புதிய வொலட் ஒன்றைத் திறந்து, அது தரும் 12 சொற்களையும் (வொலட்டை மீண்டும் திறக்க உதவுபவை) தாளில் எழுதி வையுங்கள். படம் எடுக்க வேண்டாம். எடுத்த படம் நீங்கள் அறியாமலே கூகுள் ஃபோட்டோஸில் ஏறியிருக்கும். பிறகு ‘வொலட்’ மெனுவில் ‘பிரைவேட் கீஸ்’, அதற்குள் ‘ஸ்வீப்’. பெட்டியோடு இருக்கும் ‘இன்ஃபோ’ பொத்தானை அழுத்தினால் மூன்று மாதிரிகள் தெரியும்: கீக்கு முன்னால் ஒரு குறியீடும் முக்காற்புள்ளியும், எதிரே அது தரும் முகவரி. அதேபோல் உங்கள் கீயை மூன்று வரிகளில், வரிக்கு ஒரு குறியீடாக, இடைவெளியின்றி எழுதுங்கள். நாணயம் எந்த வகையில் இருந்தாலும் அகப்படும், அப்படியே புதிய வொலட்டுக்கு அனுப்பலாம். வலையமைப்புக் கட்டணம் அந்த நாணயத்திலிருந்தே கழியும். முற்பணம் என்று எவருக்கும் ஒரு சதம் கட்டத் தேவையில்லை. பேரேட்டில் ஒரு பக்கம் சேரச் சராசரியாகப் பத்து நிமிடம் ஆகும், நெரிசல் நாளில் இன்னும் பிந்தலாம்.

ஏற்கெனவே யாருக்காவது காசு கொடுத்திருந்தால், பொலிஸில் ‘கிரிப்டோ’ என்று தொடங்காதீர்கள். ‘காசு வாங்கி ஏமாற்றினார்’ என்று தொடங்கி, வைப்புச் சீட்டையும் வட்ஸ்அப் செய்திகளையும் காட்டுங்கள். பிட்கொயின் போன்றவை சட்டபூர்வ நாணயமல்ல என்று இலங்கை மத்திய வங்கி பல தடவை எச்சரித்திருக்கிறது. எச்சரிக்கை நியாயமானது. ஏமாந்த மனிதர் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை மட்டும் எவரும் தெளிவாகச் சொல்வதில்லை. முறைப்பாடு கொடுத்தபின் ‘மீட்டுத் தரும் சட்டத்தரணி’ என்று டெலிகிராமில் வருபவரும் அதே கூட்டம்தான். வரி, ‘காஸ்’ என்ற அனுப்பும் கட்டணம், அனுமதிக் கட்டணம் என்று பெயர்தான் மாறும்.

மூன்று வரிகளும் ஒன்றும் தராவிட்டால், தம்பி வாங்கியபின் அதிலிருந்து எப்போதாவது அனுப்பினாரா என்று கேளுங்கள். ஒரு கீ ஒரு கீதான். பல ஃபோன் வொலட்டுகள் அனுப்பியது போக மீதியை வேறொரு கீக்குரிய புதிய முகவரிக்கு மாற்றிவிடும். அப்படியானால் தேட வேண்டியது வொலட் தொடங்கிய நாளில் எழுதிய 12 சொற்களை. பழைய கொப்பியின் மற்றப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பாருங்கள்.