பைபிளிலும் யூத மரபிலும் கண்ணுக்கு என்ன ஆன்மீகப் பொருள்? நெற்றிக்கண் போன்ற ஒன்று அங்கே உண்டா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. பயிற்சியால் திறந்துகொள்ளும் உள்கண் என்ற கருத்து பைபிளில் கிடையாது. உண்டு என்று சொல்பவர்கள் வழக்கமாக எடுத்துக்காட்டுவது மத்தேயு 6:22. "கண்ணானது சரீரத்தின் விளக்காயிருக்கிறது, உன் கண் தெளிவாயிருந்தால், உன் சரீரம் முழுவதும் வெளிச்சமாயிருக்கும்" என்று இயேசு சொல்கிறார். இந்த ஒரு வசனத்தை மட்டும் உருவி எடுத்துப் படித்தால் யோக நூல் போலத்தான் ஒலிக்கும். ஆனால் அதற்கு முந்திய மூன்று வசனங்கள் பூச்சியும் துருவும் கெடுக்கிற பொக்கிஷத்தைப் பற்றியவை. அடுத்து வரும் 24ஆம் வசனம், தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஒரே நேரத்தில் ஊழியம் செய்ய முடியாது என்கிறது. முன்னும் பின்னும் பணத்தைப் பற்றிய பேச்சு. அதன் நடுவில் கண்ணுக்கு என்ன வேலை?

இயேசுவின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த யூதர்களுக்கு இதில் குழப்பமே இருந்திருக்காது. அவர்கள் வழக்கில் நல்ல கண் என்றால் தாராள மனசு, கெட்ட கண் என்றால் கஞ்சத்தனமும் பொறாமையும். நம் தமிழ் வேதாகமத்திலேயே இது அப்படியே இருக்கிறது. "கருணைக்கண்ணன் ஆசீர்வதிக்கப்படுவான், அவன் தன் ஆகாரத்தில் தரித்திரனுக்குக் கொடுக்கிறான்" என்பது நீதிமொழிகள் 22:9. அடுத்த அதிகாரத்திலேயே, வன்கண்ணன் வீட்டில் சாப்பிடாதே என்ற எச்சரிக்கை வருகிறது. சாப்பிடு, குடி என்று வாய் உபசரிக்கும், உள்ளம் ஒவ்வொரு கவளத்துக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். திருக்குறளில் கண்ணோட்டம் அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் உபாகமம் 15. ஏழு வருடத்துக்கு ஒருமுறை எல்லாக் கடன்களையும் தள்ளிவிட வேண்டும் என்பது சட்டம். அப்படியானால் ஆறாவது வருடக் கடைசியில் ஓர் ஏழை வந்து கடன் கேட்டால் என்ன ஆகும்? இன்னும் சில மாதத்தில் கடன் தள்ளுபடியாகிவிடும், கொடுத்தது திரும்பாது என்று மனசு சொல்லும். அந்த நேரத்தில் உன் ஏழைச் சகோதரன்மேல் வன்கண் வைக்காதே என்கிறது ஒன்பதாம் வசனம். அவன் கர்த்தரை நோக்கி அபயமிட்டால் அது உனக்குப் பாவமாகும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. கடன் கேட்டு வாசலில் நிற்பவனைப் பார்க்கும்போது நம் கண்ணில் ஒரு கணக்கு ஓடும் இல்லையா, அதையே பாவத்தின் பட்டியலில் வைத்துவிட்டார்கள்.

பின்னால் வந்த ரபிகள், அதாவது யூத மத அறிஞர்கள், கண்ணுக்கு எண்ணிக்கையே கொடுத்துவிட்டார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், விளைச்சலில் ஆசாரியருக்கு (பூசாரிக்கு) ஒதுக்க வேண்டிய பங்கைப் பற்றி ஒரு விதி இருக்கிறது. நல்ல கண் உள்ளவன் 40இல் ஒரு பங்கு கொடுப்பான், நடுத்தரமானவன் 50இல் ஒன்று, கெட்ட கண் உள்ளவன் 60இல் ஒன்று. ஆன்மீகம் என்ற பேச்சைக் களத்துமேட்டில் கொண்டுபோய் மரக்காலால் அளந்த மாதிரி இருக்கிறது! அதே மிஷ்னாவில், மனிதன் பற்றிக்கொள்ள வேண்டிய நல்ல வழி எது என்று ரபான் யோகனான் பென் சக்காய் தம் சீடர்கள் ஐந்து பேரிடம் கேட்கிறார். நல்ல கண் என்றார் ரபி எலியேசர். நல்ல இருதயம் என்று எலியாசர் பென் அராக் சொன்னதையே குரு ஏற்றுக்கொண்டார், மற்ற நால்வரின் பதிலும் அதற்குள் அடங்கிவிடுகிறது என்பதால்.

சரி, கண்ணேறு? யூதர்களிடமும் அந்த நம்பிக்கை ஆழமாக உண்டு. ரப் என்ற பெரிய அறிஞர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வந்து, 99 பேர் கண்ணேறால் செத்தார்கள், ஒருவன்தான் இயற்கையாகச் செத்தான் என்று சொன்னதாக, மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் நூலான தால்முத் பதிவுசெய்கிறது. கை வடிவத் தாயத்து, சிவப்புக் கயிறு எல்லாம் இந்தப் பக்கத்துச் சமாச்சாரம். அவற்றில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு இல்லை. என்னை ஈர்ப்பது, பார்வையால் வரும் கெடுதலை அவர்கள் சட்டமாக மாற்றியதுதான். பல வீடுகளுக்குப் பொதுவான முற்றத்தில் எதிர்வீட்டு வாசலுக்கு நேராக உன் வாசலைத் திறக்காதே, ஜன்னலுக்கு நேராக ஜன்னல் வைக்காதே என்கிறது மிஷ்னா. அடுத்தவர் வீட்டுக்குள் பார்வை விழுவதே ஒரு சேதம் என்று தால்முத் அதை விவாதிக்கிறது. பைபிளில் இஸ்ரவேலரைச் சபிக்க வந்த குறிசொல்பவன் பிலேயாம், இஸ்ரவேலின் கூடாரங்களைப் பார்த்து "எவ்வளவு அழகானவைகள்" என்று வாழ்த்திவிட்டுப் போகிறானே, அவன் கண்ட அழகு எது? கூடார வாசல்கள் ஒன்றுக்கொன்று நேராக இல்லாதிருந்ததுதான் என்பது ரபிகளின் விளக்கம். இதே பிலேயாமை அவர்கள் கெட்ட கண்ணுக்கு உதாரணமாகவும், ஆபிரகாமை நல்ல கண்ணுக்கு உதாரணமாகவும் வைக்கிறார்கள்.

கடவுள் விஷயத்தில் இந்த மரபு கண்ணை அவ்வளவாக நம்புவதில்லை. ஏதேனில் ஏவாளுக்கு அந்தக் கனி பார்வைக்கு இன்பமாக இருந்தது, அங்கேதான் சறுக்கல் ஆரம்பித்தது. சீனாய் மலையில் சத்தத்தைக் கேட்டீர்களே தவிர ஒரு ரூபத்தையும் காணவில்லை என்று மோசே நினைவூட்டுகிறார். "இஸ்ரவேலே, கேள்" என்ற ஜெபத்தின் முதல் வரியைச் சொல்லும்போது யூதர்கள் இன்றும் வலது கையால் கண்களை மூடிக்கொள்கிறார்கள். ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது: கண் திறக்கப்படும் கதைகள் பைபிளில் உண்டு. எலிசா தீர்க்கதரிசியின் வேலைக்காரன் மலை நிறைய அக்கினி ரதங்களைப் பார்த்தான். ஆனால் எலிசா ஜெபிக்க, கர்த்தர் திறந்தார். அந்த வேலைக்காரன் அதற்காக எந்தச் சாதனையும் செய்யவில்லை.

கடவுளின் கண் என்றதும் பலர் முக்கோணத்துக்குள் இருக்கும் கண்ணை நினைப்பார்கள். அது ஐரோப்பியக் கிறிஸ்தவ ஓவியத்திலிருந்து வந்தது. 1782இல் அமெரிக்க முத்திரையிலும் 1935இல் ஒரு டாலர் நோட்டிலும் ஏறியது. எபிரேய வேதத்தில், அதாவது பழைய ஏற்பாட்டில், கடவுளின் கண்ணைப் பற்றிப் பேச எனக்கு முதலில் ஞாபகம் வருபவள் ஆகார். எகிப்திலிருந்து வந்தவள், ஆபிரகாம் வீட்டு அடிமைப்பெண், கர்ப்பிணி. எஜமானியின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடிப்போகிறாள். அந்த வீட்டில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக எழுதப்படவில்லை, எல்லாருக்கும் அவள் வெறும் அடிமைப்பெண். தேவதூதன்தான் "ஆகாரே" என்று அழைக்கிறான். அதன்பின் அவள் கடவுளுக்கே ஒரு பெயர் வைக்கிறாள்: "நீர் என்னைக் காண்கிற தேவன்". பைபிளில் கடவுளுக்குப் பெயரிட்ட முதல் ஆள் ஒரு முற்பிதாவோ தீர்க்கதரிசியோ இல்லை, இவள்தான். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

இன்னொரு வசனத்தையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். "கண்ணுக்குக் கண்" என்பது யாத்திராகமம் 21:24. பழிவாங்கும் மதம் என்று யூதர்களை ஏச ஆயிரம் தடவை பயன்பட்ட வசனம். கண்தெரியாத ஒருவன் இன்னொருவனின் கண்ணைக் கெடுத்துவிட்டால் எந்தக் கண்ணைப் பிடுங்குவீர்கள் என்று தால்முத்தில் ஒரு வாதம் வருகிறது. பணமாக ஈடு கொடுப்பதுதான் அந்தச் சட்டத்தின் பொருள் என்பது ரபிகளின் முடிவு. ஆனால் மேற்கோள் காட்டுபவர்களில் பெரும்பாலோர் இரண்டு வசனம் தள்ளிப் படிப்பதே இல்லை. எஜமான் அடித்து அடிமையின் கண் கெட்டுப்போனால், அந்தக் கண்ணுக்காக அவனை விடுதலையாக்கி அனுப்பிவிட வேண்டும் என்கிறது 26ஆம் வசனம். அடிமைப்பெண்ணுக்கும் அதே சட்டம்தான். பல் ஒன்று உதிர்ந்தாலும் அப்படியே.