ஸ்கோடா கைலாக்: வீட்டுக்கு ஒரே கார் என்று யோசிப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

2024 நவம்பர் 6 அன்று அறிமுகமான கைலாக், நாலு மீட்டருக்குள் ஸ்கோடா இந்தியாவில் கொண்டுவந்த முதல் எஸ்யூவி. புணே அருகே சாக்கனில் தயாராகிறது. கீழே வரும் விலைகள் எல்லாம் அறிமுகத்தின்போது அறிவித்த எக்ஸ்-ஷோரூம் விலைகள், அதாவது சாலை வரியும் காப்பீடும் சேராதவை. இன்றைய விலையை ஷோரூமில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சார், நீளம் 3,995 மி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். இந்த ரகத்தில் எல்லா கம்பெனிகளும் சொல்லிவைத்த மாதிரி அங்கேயே நிறுத்துவது ஏன்?

வரிதான் காரணம். 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார். நீளம் 4,000 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி தாண்டக் கூடாது. ஜிஎஸ்டி வந்த பிறகும் அந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே 18 சதவீதம், வெளியே 40. கைலாக் 999 சிசி பெட்ரோல் என்பதால் உள்ளே நிற்கிறது.

இதே அடித்தளத்தில் வந்த குஷாக்கின் நீளம் 4,225 மி.மீ. கைலாக் அதைவிட 230 மி.மீ. குறைவு என்றாலும், இரண்டு அச்சுகளுக்கு இடையிலான வீல்பேஸ் 2,651-லிருந்து 2,566 ஆக, 85 மி.மீ. மட்டும்தான் குறைந்திருக்கிறது. மீதியை முன்னும் பின்னும் வெட்டியிருக்கிறார்கள். உட்காரும் இடத்தில் அதிகம் கை வைக்காமல் விட்டது நல்ல முடிவு.

நாங்கள் இருவர், ஒரு பிள்ளை, அப்பா அம்மா. ஐந்து பேரும் வசதியாகப் போகலாமா?

பின்சீட்டில் இரண்டு பெரியவர்களும் நடுவில் பிள்ளையும் என்றால் தாராளமாகப் போகலாம். மூன்று பெரியவர்கள் என்றால் தோள் இடிக்கும். ஊருக்குள் சமாளிக்கலாம், நெடும்பயணத்துக்கு நான் சொல்லமாட்டேன். காரின் அகலம் 1,783 மி.மீ. இந்த ரகத்தில் வேறு எதை எடுத்தாலும் இந்த விஷயத்தில் பெரிய மாற்றம் இருக்காது.

டெஸ்ட் டிரைவுக்கு அப்பா அம்மாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். ஓட்டுபவர் மட்டும் ஒரு சுற்று சுற்றிவிட்டு முன்பணம் கட்டுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். முட்டிவலி உள்ளவர் கதவைத் திறந்து தானாக ஏறி இறங்க முடிகிறதா, முன்சீட்டை உங்கள் உயரத்துக்குத் தள்ளியபின் அவர் முட்டி இடிக்கிறதா, கால் மணி நேரம் உட்கார்ந்தால் தொடைக்குத் தாங்கல் கிடைக்கிறதா என்று பாருங்கள். டிக்கி 446 லிட்டர். ஊருக்குப் போகும் பெட்டிகளையே கொண்டுபோய் வைத்துப் பார்த்தாலும் தப்பில்லை.

சிக்னேச்சர் வேரியன்ட்டில் மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? ஒரு லட்சம்தானே வித்தியாசம்?

தமிழ்நாட்டில் பதிவு செய்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 2023 நவம்பரில் சாலை வரி மாறியது. காரின் விலை 5 முதல் 10 லட்சம் வரை என்றால் 13 சதவீதம். 10 லட்சம் தாண்டி 20 வரை என்றால் 18. தாண்டிய தொகைக்கு மட்டும் இல்லை, மொத்த விலைக்கும்.

சிக்னேச்சர் மேனுவல் 9.59 லட்சம். 13 சதவீதத்தில் வரி 1,24,670 ரூபாய். ஆட்டோமேட்டிக் 10.59 லட்சம். 18 சதவீதத்தில் வரி 1,90,620. ஆக, வித்தியாசம் ஒரு லட்சம் இல்லை, வரியோடு 1,65,950. 10 லட்சம் தாண்டினால் டிசிஎஸ் என்று 1 சதவீதம் முன்கூட்டிய வருமான வரியும் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் நேர்செய்துகொள்ளலாம். சாலை வரி போனது போனதுதான்.

ஜிஎஸ்டி குறைந்த பிறகு விலைகள் இறங்கியிருக்கின்றன. அதனால் கோட்டை ஒட்டி நின்ற வேரியன்ட் இப்போது 10 லட்சத்துக்குள் வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். வந்திருந்தால், தினமும் நகர நெரிசலில் ஓட்டுபவர் யோசிக்காமல் ஆட்டோமேட்டிக் எடுக்கலாம். எண்ணெய் வழியே இன்ஜின் விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆறு கியர் பெட்டி, ஊர்ந்து போகும்போது உதறாது.

டீசல் வருமா அண்ணா?

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020 ஏப்ரலோடு ஸ்கோடா இந்தியாவில் டீசலை விட்டுவிட்டது. மாதம் முழுக்க வெளியூர் ஓட்டம் என்றால் நெக்ஸான், சோனெட், எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ பக்கம் போங்கள்.

மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் இன்ஜின். ஐந்து பேரும் ஏசியுமாகக் கொடைக்கானல் ஏறுமா?

நன்றாகவே ஏறும். காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ இருப்பதால் 115 பிஎஸ், 178 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. ஆனால் டர்போ விழித்துக்கொள்ளும் வரை இன்ஜின் மந்தமாகத்தான் இருக்கும். மேனுவலில் கொண்டை ஊசி வளைவுக்குள் இரண்டாவது கியரில் வேகம் செத்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டு காத்திருக்காதீர்கள், முதல் கியருக்கு இறக்குங்கள். இறங்கும்போதும் கியரைக் குறைத்து இன்ஜினையே பிரேக்காகப் பயன்படுத்துங்கள்.

தரைக்கு மேல் 189 மி.மீ. இடைவெளி இருக்கிறது. வேகத்தடை, மோசமான சாலை எல்லாவற்றுக்கும் அது போதும். ஆனால் முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் வண்டி இது. ஆற்று மணலில் இறக்கிப் பார்க்க வேண்டாம்.

விபத்துச் சோதனையில் வாங்கிய ஐந்து நட்சத்திரம் டாப் வேரியன்ட்டுக்கு மட்டுமா?

இல்லை. நம் நாட்டு விபத்துச் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் 2025 ஜனவரியில் தந்த மதிப்பெண் பெரியவர் பாதுகாப்பில் 32-க்கு 30.88, குழந்தைகள் பாதுகாப்பில் 49-க்கு 45. ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் காக்கும் ஈஎஸ்சி ஆகியவை 7.89 லட்சம் ஆரம்ப வேரியன்ட்டான கிளாசிக்கிலேயே உண்டு. இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காசு குறைவாக இருப்பவர் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வீட்டில் சன்ரூஃப் கேட்கிறார்கள்...

அதற்காக மேல் வேரியன்ட்டுக்குத் தாவ வேண்டாம். நம் ஊர் வெயிலில் வருடத்தில் பாதி நாள் மூடியேதான் இருக்கும்.

இரண்டு வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் போனால் போதாதா?

போதாது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் மோதினாலே குழந்தை கையை விட்டு முன்னால் பறந்துவிடும்; எந்தத் தாயாலும் பிடித்து நிறுத்த முடியாது. முன்சீட்டில் மடியில் இருந்தால் விரியும் ஏர்பேக்கே குழந்தையை அடிக்கும். பின்சீட்டில் குழந்தை இருக்கையைப் பூட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருக்கின்றன. வண்டி டெலிவரி எடுக்கும் முன்பே குழந்தை இருக்கை ஒன்றை வாங்கிவிடுங்கள். ஷோரூம்காரர் முன்னாலேயே மாட்டிப் பார்த்து, முதல் பயணத்திலேயே குழந்தையை அதில் உட்கார வையுங்கள். இரண்டு நாள் அழும், அப்புறம் பழகிவிடும்.