கேள்வி – பதில்: ‘95 சதவீதம் பிளேஸ்மென்ட்’ என்றால் எத்தனை பேரில்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பொறியியல் கல்லூரிகளைப் பற்றியவை. பெற்றோர், படித்து முடித்தவர்கள், ஆள் எடுக்கிற முதலாளிகள் என்று எல்லாத் தரப்பிலிருந்தும் வந்திருக்கின்றன. இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மகளுக்கு கட்-ஆஃப் 168. இரண்டு கல்லூரிகளை நேரில் போய்ப் பார்த்தோம். ஒன்றில் ‘95 சதவீதம் பிளேஸ்மென்ட், உச்ச பேக்கேஜ் 42 லட்சம்’ என்று வாசலிலேயே பேனர். இன்னொன்றில் அப்படி எதுவும் இல்லை. கேட்டால் ‘நல்லா படிக்கிற பிள்ளைங்களுக்குக் கிடைக்கும்மா’ என்றார்கள். எதை நம்புவது? – ஒரு தாய், விழுப்புரம்

அந்த 95 பொய்யாக இருக்கவேண்டும் என்ற அவசியமே இல்லை அம்மா. எத்தனை பேரில் 95 சதவீதம் என்பதைத்தான் பேனரில் போடமாட்டார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஒரு கல்லூரியில் முதலாண்டு 600 பேர் சேர்கிறார்கள். நான்கு ஆண்டில் அரியர் இல்லாமல் டிகிரி வாங்குகிறவர்கள் 390 பேர். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது, பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் 60 சதவீதம் வேண்டும், இத்தனை சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி மதிப்பெண்) வேண்டும் என்று வடிகட்டி 190 பேரை மட்டும் பதிவு செய்கிறார்கள். அதில் 180 பேருக்கு வேலை கிடைக்கிறது. 190 பேரில் 180 என்றால் 95 சதவீதம். சேர்ந்த 600 பேரில் 180 என்றால் 30 சதவீதம். இரண்டு கணக்கும் சரிதான். ஆனால் உங்கள் மகள் சேரும்போது அந்த 600 பேரில் ஒருத்தியாகத்தான் சேர்கிறாள். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது கணக்கு.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒரே மாணவிக்கு மூன்று நிறுவனங்களில் ஆஃபர் வந்தால் அதை மூன்று பிளேஸ்மென்ட் என்று எண்ணிவிடுவார்கள். அதனால் ‘எத்தனை ஆஃபர்’ என்று கேட்காதீர்கள், ‘எத்தனை பிள்ளைகள்’ என்று கேளுங்கள்.

அந்த 42 லட்சத்தை மறந்துவிடுங்கள். அது யாரோ ஒரு பிள்ளையின் திறமைக்குக் கிடைத்த வருடச் சம்பளம். சராசரியும் ஏமாற்றும். பத்துப் பேரில் ஒருவருக்கு 40 லட்சம், மற்ற ஒன்பது பேருக்கு 3 லட்சம் என்றால் சராசரி 6.7 லட்சம் வரும். அந்தச் சம்பளத்தை அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட வாங்கவில்லை. எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறார் என்று பார்க்க வேண்டும். இதை இடைநிலைச் சம்பளம் என்பார்கள். கல்லூரிகளில் ‘மீடியன்’ என்று கேட்டால் புரியும். மேலே சொன்ன பத்துப் பேரில் அது 3 லட்சம்.

சரி, இந்த விவரமெல்லாம் எங்கே கிடைக்கும்? என்ஐஆர்எஃப் என்ற மத்திய அரசின் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும், தான் கொடுத்த விவரத்தைத் தன் இணையதளத்திலேயே போட வேண்டும். பட்டியலில் இடம் கிடைக்காத கல்லூரிக்கும் இது பொருந்தும். ‘என்ஐஆர்எஃப்’ என்ற தலைப்பில் ஒரு பிடிஎஃப் கோப்பு இருக்கும். அதில் நான்கு ஆண்டுப் படிப்புக்கான அட்டவணையைப் பாருங்கள். முதலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், இரண்டாம் ஆண்டில் டிப்ளமோ முடித்து நேரடியாக எத்தனை பேர் வந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, மீடியன் சம்பளம் என்ன, மேற்படிப்புக்கு எத்தனை பேர் போனார்கள் என்று மூன்று பேட்ச்களுக்கு வரிசையாக இருக்கும். முதலாண்டில் சேர்ந்தவர்களையும் டிப்ளமோவில் வந்தவர்களையும் கூட்டி அடியில் வையுங்கள். வேலைக்குப் போனவர்களையும் மேற்படிப்புக்குப் போனவர்களையும் கூட்டி மேலே வையுங்கள். வருகிற சதவீதத்தைப் பேனரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

அந்தக் கோப்பில் இரண்டு குறைகள் உண்டு. விவரம் கல்லூரியே கொடுத்தது. அப்புறம், எல்லாப் பிரிவுகளும் ஒன்றாகக் கலந்திருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸின் எண்ணுக்குப் பின்னால் சிவிலின் எண் மறைந்துவிடும். எனவே உங்கள் மகள் கேட்கும் பிரிவுக்கு மட்டும் தனியாக, எழுத்தில், கல்லூரியிடம் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக அண்ணா பல்கலைக்கழகம். தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை செமஸ்டர் வாரியாக அது வெளியிடுகிறது. ஒருவர்கூட எல்லாப் பாடங்களிலும் தேறாத கல்லூரிகள் அந்தப் பட்டியலில் வந்ததுண்டு. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றை இந்த விகிதத்தோடு ஒப்பிட முடியாது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவதை இப்போது சொல்கிறேன். கட்-ஆஃப் 195 உள்ள பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொண்டு 90 சதவீதம் பேருக்கு வேலை வாங்கித் தருவதில் கல்லூரியின் உழைப்பு எவ்வளவு, அந்தப் பிள்ளைகள் கூடவே கொண்டுவந்தது எவ்வளவு? 130, 140 கட்-ஆஃப்போடு, தமிழ்வழியில் படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைகளில் பாதிப்பேரை அரியர் இல்லாமல் கரையேற்றும் கல்லூரிதான் உண்மையில் பாடம் நடத்துகிறது. அதற்கு யாரும் பேனர் கட்டுவதில்லை. ஆகவே கல்லூரிகளை ஒப்பிடும்போது உங்கள் மகளின் கட்-ஆஃப்புக்கு அருகில், அதே பிரிவில், அதே இட ஒதுக்கீட்டுப் பிரிவில் கடந்த ஆண்டு இடம் முடிந்த கல்லூரிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கவுன்சலிங் இணையதளத்தில் பழைய கட்-ஆஃப் விவரம் இருக்கிறது. 160 முதல் 175 வரை உள்ளவற்றில் எது அதிகம் பேரை உரிய காலத்தில் முடிக்க வைக்கிறது என்று பார்த்தால், ‘நல்லா படிக்கிற பிள்ளைங்களுக்குக் கிடைக்கும்’ என்று சொன்ன அந்த இரண்டாவது கல்லூரி மேலே வந்தாலும் ஆச்சரியமில்லை.

முடிந்தால் மாலை நான்கு மணிக்கு அந்தக் கல்லூரியின் பஸ் நிறுத்தத்தில் நில்லுங்கள். கடைசி வருடப் பிள்ளைகளிடம், ‘உங்க கிளாஸ்ல எத்தனை பேரு, எத்தனை பேருக்கு வேலை வந்திருக்கு?’ என்று கேளுங்கள். என் அக்கா மகனுக்கு நாங்கள் இதைக் கேட்காமல் சேர்த்துவிட்டோம். அவன் வகுப்பில் 58 பேரில் 11 பேருக்குத்தான் வேலை கிடைத்தது. அந்த வருடமும் அந்தக் கல்லூரி வாசலில் ‘100 சதவீதம்’ என்றுதான் இருந்தது.

நாக் ஏ++, என்பிஏ, என்ஐஆர்எஃப் என்று ஒவ்வொரு கல்லூரியும் ஒன்றைச் சொல்கிறது. எது உண்மையான தரச்சான்று? – ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

மூன்றும் வெவ்வேறு விஷயங்களை அளக்கின்றன ஐயா.

கல்லூரிகளை மதிப்பிட்டு கிரேடு தரும் தேசிய அமைப்பான நாக், மொத்தக் கல்லூரிக்கும் ஒரே மதிப்பெண் போடும். நான்கு புள்ளிக்கு 3.51 அல்லது அதற்கு மேல் வாங்கினால் ஏ++. கட்டடம், நூலகம், நிர்வாகம், ஆராய்ச்சி எல்லாம் அதில் கலந்திருக்கும். ஒரு பிள்ளை சேரும் பிரிவு எப்படி என்பது அதிலிருந்து தெரியாது. 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த சிலரையே லஞ்ச வழக்கில் சிபிஐ கைது செய்தது. அதற்காக எல்லாக் கிரேடும் விலைக்கு வாங்கியது என்று ஆகாது. ஆனால் கிரேடை மட்டும் நம்பிப் பணம் கட்டவும் கூடாது.

என்பிஏ என்ற தேசிய அங்கீகாரம் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. மெக்கானிக்கலுக்கு வாங்கியதைக் கல்லூரிக்கே கிடைத்ததுபோல விளம்பரம் செய்கிறவர்கள் உண்டு. உங்களுக்கு வேண்டிய பிரிவுக்கு இருக்கிறதா, அது எந்தத் தேதிவரை என்பதை என்பிஏ தளத்தில் பார்த்துவிடலாம். வெளிநாட்டில் பொறியாளராகப் பணியாற்ற நினைப்பவர்களுக்கு இன்னொரு தகவல்: பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014-ல் முழு உறுப்பினரானது. அதன் பலன் ‘டியர் 1’ என்ற வகையில் என்பிஏ பெற்ற பிரிவுகளுக்கு மட்டுமே.

என்ஐஆர்எஃப்-இன் பொறியியல் பட்டியலில் கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும் 30 சதவீதம், ஆராய்ச்சிக்கு 30 சதவீதம் மதிப்பு. படித்து முடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு 20 சதவீதம்தான். மீதி 20 சதவீதம் பலதரப்பட்ட மாணவர்களைச் சேர்ப்பதற்கும் பெயர் மதிப்புக்கும். நிறைய ஆய்வுக் கட்டுரை போடும் கல்லூரி இதில் மேலே போகலாம், பி.இ. படிக்கும் பிள்ளைக்கு அதனால் பெரிய பயன் இருக்காது. என் பார்வையில் என்ஐஆர்எஃப்-இன் ரேங்கைவிட அதற்காகக் கல்லூரி கொடுத்த அந்தப் பிடிஎஃப்தான் பயனுள்ளது.

ஆசிரியர் பட்டியலையும் பாருங்கள். 20 மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்பது ஏஐசிடிஇ என்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் விதி. 2024 ஜூலையில், ஒரே ஆசிரியரைப் பல கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியராகக் கணக்குக் காட்டியிருப்பதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்டது; இருநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் வந்தன. கல்லூரி இணையதளத்தில் உள்ள ஆசிரியர் பெயரில் நான்கைந்தைக் குறித்துக்கொண்டு போய், ‘இவர் உங்களுக்கு என்ன பாடம் எடுக்கிறார்?’ என்று மாணவர்களிடம் கேட்டாலே போதும்.

வேலைக்குப் போன பிறகு கிடைக்கும் சம்பளத்தைக் கல்லூரியிடமே கேட்டு வாங்குவதுதான் நம் அளவீட்டின் பெரிய ஓட்டை. அமெரிக்காவில் 2013 முதல் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ என்ற அரசு இணையதளம் இருக்கிறது. மத்திய அரசின் கல்வி உதவி பெற்ற மாணவர்கள் பின்னாளில் என்ன சம்பாதிக்கிறார்கள் என்பதை வரித்துறைப் பதிவிலிருந்து எடுத்து, கல்லூரி வாரியாக அதில் காட்டுகிறார்கள். நம்மிடமும் வருங்கால வைப்பு நிதிப் பதிவுகள் இருக்கின்றன. பெயர் இல்லாமல் அதை இப்படிக் கோத்துக் கொடுக்க அரசு முன்வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

கேம்பஸில் ஆஃபர் வந்தது. ஒன்பது மாதமாக ஜாய்னிங் தேதி வரவில்லை. கல்லூரி என் போட்டோவை ‘பிளேஸ்டு’ என்று போட்டுப் புது அட்மிஷன் பிடிக்கிறது. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? – பி.இ. பட்டதாரி, சேலம்

உங்கள் கோபம் நியாயமானது தம்பி. ஆனால் நுகர்வோர் நீதிமன்ற வழி இப்போது குறுகலாக இருக்கிறது. கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, பயிற்சி மையங்கள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதன் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு விசாரணைக்கு ஏற்றது. பயிற்சி மையங்களின் பொய் விளம்பரங்களுக்கு 2024 நவம்பரில் தனி வழிகாட்டுதலே வந்துவிட்டது. நான்கு வருடமும் பல லட்சமும் வாங்கும் கல்லூரிக்கு அதே அளவு கட்டுப்பாடு இல்லாதது எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்களுக்கு இருக்கும் நல்ல வழி, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2023-ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிகள். தகவல் கையேட்டில் பொய்யான, திசைதிருப்பும் விவரம் தருவதும் அதில் குறையாகவே கருதப்படுகிறது. முதலில் கல்லூரியின் குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுதுங்கள். 15 வேலை நாட்களில் அது அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்பர்சனிடம் மேல்முறையீடு செய்யலாம். கடிதத்தில் ஆஃபர் லெட்டரின் தேதி, இதுவரை நிறுவனத்துக்கு நீங்கள் எழுதிய மின்னஞ்சல்கள், உங்கள் போட்டோ இருக்கும் விளம்பரத்தின் படம் மூன்றையும் சேருங்கள். ‘நான் இன்னும் வேலையில் சேரவில்லை, என் பெயரையும் படத்தையும் நீக்குங்கள்’ என்று தனி வரியாகக் கேளுங்கள். இப்போது உங்கள் படத்தைப் பார்த்துப் பணம் கட்டப்போகும் குடும்பத்துக்கும் அந்த வரி உதவும்.

ஓசூரில் 25 பேர் வேலை செய்யும் மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். 8.5 சிஜிபிஏ பையன் நுண்ணிய அளவு எடுக்கும் மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியாமல் நிற்கிறான். எந்தக் கல்லூரி நல்ல பிள்ளைகளை அனுப்புகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? – தொழில்முனைவோர்

உங்களைப் போன்ற சிறு நிறுவனங்களின் குரல் எந்தத் தரவரிசையிலும் சரியாகக் கேட்பதில்லை. எனவே உங்கள் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் கல்லூரி வாரியாக எழுதுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், தனியாக ஒரு வேலையைச் செட்டிங் போட்டு முடிக்க எத்தனை மாதம் ஆனது, ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் இருக்கிறார்கள். மூன்று வருடத்தில் எந்தப் பட்டியலையும்விட அது உங்களுக்கு உதவும்.

இன்டர்வியூவில் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டு, ஒரு டிராயிங்கையும் ஒரு பாகத்தையும் கையில் கொடுத்து, ‘எந்த அளவு டாலரன்ஸைத் (அனுமதித்த வித்தியாசத்தை) தாண்டியிருக்கிறது?’ என்று அளக்கச் சொல்லுங்கள். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை விலைக்கு வாங்குகிற பழக்கம் பரவிவிட்டதால் அதன் தலைப்பை விட்டுவிடுங்கள். எங்கே தப்பு வந்தது, எப்படிச் சரிசெய்தாய் என்று கேளுங்கள். சொந்தக் கையால் செய்தவன் பத்து நிமிடம் பேசுவான். சென்னை தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் வாரியம் வழியாக ஒரு வருடம் அப்ரெண்டிஸாக எடுத்தும் பார்க்கலாம். குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு தருகிறது.

இன்னொன்று. நாக் மதிப்பீட்டில் முதலாளிகளின் கருத்தைப் பெற்றதற்கான பதிவும் கேட்கப்படுகிறது. அதனால் உங்கள் கடிதம் கல்லூரிக்குத் தேவை. ‘நன்று’ என்று படிவத்தில் டிக் அடித்து அனுப்பாமல், ‘இந்த ஆண்டு வந்த நால்வரில் மூவருக்கு டிராயிங் படிக்கத் தெரியவில்லை’ என்று லெட்டர்ஹெட்டில் எழுதி முதல்வருக்கே அனுப்புங்கள்.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டிவிட்டோம். இப்போது கவுன்சலிங்கில் நல்ல இடம் கிடைத்திருக்கிறது. ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் தர மறுக்கிறார்கள். – தஞ்சாவூர் வாசகர்

ஒரிஜினலைப் பிடித்து வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை இல்லை. யுஜிசி அதைத் தடை செய்திருக்கிறது. இன்றே எழுத்தில் கேட்டு, கடிதத்தின் நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். ஏஐசிடிஇ ஒவ்வொரு ஆண்டும் அறிவிக்கும் கடைசித் தேதிக்குள் இடத்தை ரத்து செய்தால் கட்டணமும் திரும்ப வர வேண்டும். அந்தத் தேதி தாண்டுவதற்குள் ரத்துக் கடிதம் மின்னஞ்சலிலும் போய்விடட்டும். ரசீது இல்லாமல் உங்களிடம் ‘டொனேஷன்’ வாங்கியிருந்தால், அப்படி வாங்கியதே 1992-ஆம் ஆண்டு தமிழ்நாடு நன்கொடைத் தடைச் சட்டப்படி குற்றம். கொடுத்த தேதி, தொகை, யாரிடம் கொடுத்தீர்கள் என்பதை மறப்பதற்குள் எழுதி வைத்துக்கொண்டு, தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்குப் புகார் அனுப்புங்கள்.